ஷேடர் கம்பைலரைக் கர்னலுக்குள் வைக்கலாமா?

நீங்கள் எழுதும் கிராபிக்ஸ் சிப் டிரைவரில், ஷேடர் கம்பைலரையும் (கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் ஷேடர் என்ற சிறு புரோகிராம்களை அந்தச் சிப்பின் மொழிக்கு மாற்றுவது) கர்னல் மாட்யூலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்ளேயே, போட்டால் சிஸ்டம் கால் (புரோகிராம் கர்னலை அழைப்பது) செலவு மிச்சமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். கம்பைலர் இப்போது கர்னலுக்கு வெளியே, கேமோடு சேர்ந்து ஓடுகிறது; அதில் ஒரு பாயிண்டர் (மெமரி முகவரி) தவறினால் அந்த கேம் மட்டும்தான் மூடும்; கர்னலுக்குள் என்றால் மொத்த மெஷினும் படுத்துவிடும். அங்கே ஃப்ளோட்டிங் பாயிண்டைக்கூட (தசம எண் கணக்கு) இஷ்டத்துக்குத் தொட முடியாது.

லினக்ஸில் மெசா (கர்னலுக்கு வெளியே ஓடும் கிராபிக்ஸ் லைப்ரரி) ஷேடரைக் கம்பைல் செய்து, கமாண்டுகளைப் பஃபரில் மொத்தமாகச் சேர்த்து, ஒரே ஐஆக்டிலில் (டிரைவரிடம் பேசும் சிஸ்டம் கால்) அனுப்பிவிடுகிறது. நூற்றுக்கணக்கான டிரா கால்களுக்கு ("இதை வரை" என்ற கட்டளைகள்) ஒரு சிஸ்டம் கால் போதும்போது, நீங்கள் பயப்படும் செலவு பெரிதல்ல.

மெமரி, ஷெட்யூலிங், ஹேங் ஆனால் ரீசெட், டிஸ்ப்ளே மோட் எல்லாம் கர்னலிலேயே இருக்கட்டும். ஒரு புரோகிராம் இன்னொன்றின் மெமரியைத் தொடாமல் காப்பதுதான் அதன் தலையாய வேலை. உங்கள் கிராபிக்ஸ் சிப்பில் எம்எம்யு (ஒவ்வொரு புரோகிராமின் மெமரியையும் தனியாகப் பிரித்து வைக்கும் ஹார்ட்வேர்) உண்டா? இல்லையென்றால் கமாண்டு பஃபரில் வரும் முகவரிகளைக் கர்னலே சரிபார்த்தாக வேண்டும். பழைய ரேடியான் கிராபிக்ஸ் சிப்களுக்கான லினக்ஸ் டிரைவர் அப்படித்தான் செய்கிறது. அதன் கோடைப் படித்துப் பாருங்கள்.