கொக்கு இருக்கிறது, அணை எங்கே?

கேள்வி: கிருஷ்ணகிரி அணையில் எடுத்தது என்று ஒரு படத்தைப் போட்டிக்கு அனுப்பி, முதல் பரிசும் வாங்கிவிட்டார் என் நண்பர். வெள்ளைத் தாள் போல நீர்ப்பரப்பு, நடுவில் ஒரே ஒரு கொக்கு, அவ்வளவுதான் படம். எடுத்த அன்று நானும் உடன் இருந்தேன். பின்னால் மலை இருந்தது, இரண்டு பரிசல்கள் இருந்தன, கரையில் ஒரு மின்கம்பமும் இருந்தது. எல்லாவற்றையும் கணினியில் அழித்துவிட்டார். கேட்டால் ‘மினிமலிசம்’, அதாவது குறைவாகக் காட்டுவதே அழகு, என்கிறார். இதையும் புகைப்படம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டணம்.

பதில்: ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். (நீங்களும் அந்தப் போட்டிக்குப் படம் அனுப்பியிருந்தீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. எழுதாமலே புரிகிறது.)

கண்ணெதிரே இருந்ததை அப்படியே காட்டினால்தான் புகைப்படம் என்று நினைத்துக் கேட்கிறீர்கள். கேமரா பிறந்த நாள் முதல் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ததில்லை. 1838-இல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகேர் ஒரு பெரிய வீதியை மேலிருந்து படம் எடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரிந்துகொண்டிருந்த வீதி, படத்தில் ஊரடங்கு போட்டதுபோல் வெறிச்சோடிக் கிடக்கிறது. கேமராவுக்குள் வைத்த தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆனதால் நடந்தவர்களும் ஓடிய குதிரைகளும் பதியாமலே போய்விட்டார்கள். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் தப்பினார். உங்கள் நண்பர் அழித்தது இரண்டு பரிசல், ஒரு கம்பம், கொஞ்சம் மலை. அந்தக் கேமரா ஒரு தெருக்கூட்டத்தையே விழுங்கியது.

அதற்குப் பிறகு, 1850-களில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படம் பிடித்தார். அன்றைய தகடுகளுக்கு நீலத்தின் மீது பேராசை. கடலுக்கு அளந்து ஒளி விட்டால் வானம் வெளுத்துவிடும். ஆகவே வானத்துக்கு ஒரு நெகட்டிவ் (வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த மூலப்படம்), கடலுக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் சேர்த்து ஒரே பிரிண்ட். அவரைப் புகைப்படக்காரர் இல்லை என்று யாரும் தள்ளிவைக்கவில்லை.

பாரிஸ் எதற்கு, தருமபுரிக்கே வாருங்கள். என் சிறு வயதில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. உள்ளறையில் ஒரு பெரியவர், சாய்வான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருப்பார். ‘டச்சிங்’ என்பார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு ஒவ்வொன்றாக மறையும். பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு இதற்கென்று தனிக் கட்டணம் உண்டு.

என் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து இருக்கும் ஒரே படம் அங்கே செய்ததுதான். ‘எடுத்தது’ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தாத்தா அப்போது இல்லை. அவர் முகம் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வந்தது. கழுத்துக்குக் கீழே இருந்த கோட்டு யாருடையதோ. தாத்தா வாழ்நாளில் துண்டைத் தவிர வேறெதையும் தோளில் போட்டவரில்லை. பாட்டி கடைசிவரை அந்தப் படத்துக்குத்தான் விளக்கேற்றினாள். “இது போட்டோதானா பாட்டி?” என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமோ என்னவோ.

மினிமலிசத்துக்கே வருகிறேன். ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ (1999) என்ற படத்தில் பச்சைப் புல், சாம்பல் நிற ஆறு, மறுபடி புல், மேலே மந்தமான வானம். பட்டை பட்டையாக இவ்வளவுதான். நாயோடு நடந்தவர்களையும் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தையும் கணினியில் அழித்துவிட்டார். 2011-இல் நியூயார்க் ஏலத்தில் அது சுமார் 43 லட்சம் டாலருக்குப் போனது. அதுவரை எந்தப் புகைப்படமும் அந்த விலைக்குப் போனதில்லை.

இந்த இடத்தோடு நிறுத்தி, பத்திரிகையை மடித்து நண்பரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

ரைன் ஆற்றில் கைவைத்ததை குர்ஸ்கி ஒளிக்கவில்லை, அவரே சொன்னார். உங்கள் நண்பர் ‘கிருஷ்ணகிரி அணை’ என்று எழுதி அனுப்பிவிட்டு, கேட்ட உங்களிடம் மட்டும் மினிமலிசம் என்றிருக்கிறார். ஊர்ப் பெயரை எழுதியதும் அந்தப் படம் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறது. ‘கொக்கு’ என்று மட்டும் தலைப்பு வைத்திருந்தால் அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது.

சாட்சிக்கு விதி கடுமை. உலகப் பத்திரிகைப் படங்களுக்கான ‘வேர்ல்ட் பிரஸ் போட்டோ’ போட்டியில் 2010-இல் பரிசு பெற்ற ஒரு படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கையில் கட்டுப் போடும் காட்சி. வண்ணத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியதை, சுற்றியிருந்த பெரும்பகுதியை வெட்டித் தள்ளியதை எல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். பின்னால் தெரிந்த ஒரு காலின் சிறு துணுக்கை அழித்ததைத்தான் பொறுக்கவில்லை. எனக்கு அந்தக் கணக்கு முழுதாகப் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம். வெட்டினால் யோக்கியன், அழித்தால் அயோக்கியனா?

ஏன் பிடிபடவில்லை என்றால், எதையும் அழிக்காமலே ஏமாற்ற முடியும். மழை பெய்யும் நாளில் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பாருங்கள். பெங்களூருப் பக்கத்துக் கழிவையெல்லாம் சுமந்து வரும் தென்பெண்ணை, மதகைத் தாண்டியதும் குவியல் குவியலாக நுரைத்து நிற்கும். கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் ஒரு பறவை உட்கார்ந்தால் போதும். கணினிக்கு வேலையே இல்லை. பனிமலை என்று சொல்லிப் பரிசு வாங்கலாம். நாற்றம் லென்ஸுக்குள் நுழையாது. ஒரு புள்ளியைக்கூடத் தொடாத அந்தப் படத்தைவிட யாருடைய கோட்டையோ போட்டுக்கொண்ட என் தாத்தாவின் படம் யோக்கியமானது. தாத்தா உயிரோடு வந்து உட்கார்ந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

அதே ஆறுதான் கீழே இறங்கி, உங்கள் நண்பரின் கொக்கு நின்ற அணைக்கும் வருகிறது. பரிசலில் இருந்தவர்கள் அந்தத் தண்ணீரில்தான் வலை போடுகிறார்கள். மின்கம்பம் போனது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அணையின் பெயரை வைத்துக்கொண்டு பரிசல்காரர்களை அழித்ததுதான் உறுத்துகிறது.

பரிசு விஷயம் எளிது. போட்டி விதிகளை எடுத்துப் பாருங்கள். திருத்தம் கூடாது, மூலக்கோப்பைக் காட்ட வேண்டும் என்று இருந்தால் நடத்தியவர்களுக்கு எழுதுங்கள், இந்த முறை பெயர் போட்டு. விதியில் அப்படி எதுவும் இல்லையென்றால் நண்பரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

அன்று நீங்களும் கேமராவோடுதான் போயிருப்பீர்கள். பரிசல் இரண்டும் கம்பமும் மலையும் உள்ள உங்கள் படத்தை அனுப்பிவையுங்கள். நன்றாக இருந்தால் அடுத்த இதழில் போடுகிறோம். கம்பத்தில் கைவைக்க மாட்டோம்.