எம்டிவி விருதில் லத்தீன் பிரிவு எப்போது வந்தது?

எம்டிவி ஓர் அமெரிக்க இசைச் சேனல்; அதன் வீடியோ விருதில் லத்தீன் அமெரிக்க இசைக்கான பிரிவுதான் இது. 2018-இல்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1989-லேயே 'எம்டிவி இண்டர்நாசியோனால்' என்ற ஸ்பானிய மொழி நிகழ்ச்சி நேயர்களின் தேர்வாக ஒரு விருது தரப்பட்டது. முதலில் வாங்கியவர் போர்ட்டோ ரிக்கோ பாடகர் சயான். லத்தீன் அமெரிக்காவுக்கென்றே தனி விழா 2002-இல் தொடங்கி 2009-ஓடு நின்றுபோனது.

2017-இல் உலகமே முணுமுணுத்த ஸ்பானிய மொழிப் பாடல் 'டெஸ்பாசிட்டோ', எம்டிவியின் முக்கிய வீடியோ பிரிவுகளில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோடை காலப் பாடல் போட்டியில் மட்டும் இருந்தது. பலருக்கும் கடுப்பு. மறு ஆண்டே 'சிறந்த லத்தீன்' பிரிவு வந்தது. ஜே பால்வினும் வில்லி வில்லியமும் 'மி ஹெந்தே' பாடலுக்காக அதை வென்றார்கள்.

2019-இல் பாடகி ரோசாலியா ஜெயித்தபோது, ஸ்பெயின்காரர் எப்படி லத்தீன் கலைஞர் ஆவார் என்று சண்டை. நியாயமான கேள்விதான். 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றவர் பிரேசில் பாடகி அனிட்டா.