பழைய படகு இன்ஜினுக்கு வேன் பாகம் பொருந்துமா?

கேள்வி: என் படகில் பழைய பெர்கின்ஸ் 4.108 டீசல் இன்ஜின். நீலப் புகை விடுகிறது, ஆயிலும் குறைகிறது. முழுதாகப் பிரித்துப் புதுப் பாகங்கள் போட நினைக்கிறேன். இதே இன்ஜின் வேன்களிலும் ஓடியதாமே, அந்தப் பாகங்களையே வாங்கிப் போடலாமா?

பதில்: உள்ளே போகிறவற்றைப் போடலாம். பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு எல்லாம் வேனுக்கும் படகுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் இன்ஜின் தகட்டில் உள்ள எண்ணைக் காட்டித்தான் வாங்க வேண்டும். உங்கள் 4.108-க்கு அண்ணன் 4.107. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே 4.107-இல் தண்ணீர் நேராகத் தொடும் லைனர் (சிலிண்டரின் உள்உறை), 4.108-இல் பிளாக்குக்குள் இறுக்கி ஏற்றும் உலர் லைனர். மாற்றி வாங்கினால் பொருந்தாது.

உப்புத் தண்ணீர் தொடும் பாகங்களில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கடல்நீர் பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், எக்ஸாஸ்ட் எல்போ மூன்றும் படகுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். அதிலும் எல்போவை முதலில் கழற்றிப் பாருங்கள். சூடான புகையும் கடல்நீரும் அதில்தான் கலக்கின்றன. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே சுவர் காகிதமாய் அரித்திருக்கும், வழி பாதி கரியால் அடைத்திருக்கும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். ரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் இன்ஜின் ஆயில் குடிப்பதற்கே அது காரணமாக இருக்கலாம். எல்போவை விட்டுவிட்டுப் புது ரிங் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

அப்புறம், அளக்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பழைய பேரிங்கின் முதுகைத் துடைத்துப் பாருங்கள். 010 என்றோ 020 என்றோ அடித்திருந்தால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஏற்கெனவே ஒருமுறை கடைந்து சிறிதாக்கப்பட்டிருக்கிறது. ஸ்டாண்டர்ட் பேரிங் அதில் தொளதொளக்கும். கிராங்கை மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகுதான் அளவை முடிவு செய்ய வேண்டும். கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புகளைக் கழற்றும்போதே வரிசை எண்ணும் திசையும் குறித்துவிடுங்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

கேள்வி: என்னுடையது பெட்ரோல் இன்ஜின். கார் ஆல்டர்னேட்டர் அப்படியே பொருந்துகிறது. போட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். காரில் கீழே திறந்திருப்பதால் கலைந்துவிடும், படகில் போக வழியில்லை. கார் ஆல்டர்னேட்டருக்குள் பறக்கும் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இதே விதி: பொறி வெளியே வராதபடி படகுக்கென்று செய்ததுதான் வேண்டும். கார்புரேட்டரும் அப்படியே, வழிந்த பெட்ரோல் இன்ஜினுக்குள் போக வேண்டும், வெளியே கொட்டக் கூடாது.

கேள்வி: ரீபில்ட் முடிந்து இன்ஜினை இறக்கியாயிற்று. ஸ்டார்ட் செய்யும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: படகு தண்ணீரில் மிதக்கும்போது இன்ஜினையும் புரொப்பெல்லர் தண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் கப்ளிங்கைச் சரிபாருங்கள்; கரையில் இருக்கும்போது படகின் உடல் வளைவு வேறாக இருக்கும். இரண்டு முகங்களுக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுச் சுற்றிலும் பாருங்கள். 4 அங்குல கப்ளிங் என்றால் வித்தியாசம் 4 தவ்வுக்குள் (ஒரு தவ்வு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

புது இன்ஜின் உடனே பிடிக்காது, ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்ற வேண்டி வரும். அப்போதும் கடல்நீர் பம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியேற்றப் புகை இல்லாததால் அது சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்கே திரும்பும். அதனால் கடல்நீர் வால்வை மூடிவைத்துச் சுற்றுங்கள். இன்ஜின் பிடித்த அந்த நொடியே திறந்துவிடுங்கள், பம்பின் ரப்பர் இம்பெல்லர் வறண்டு ஓடினால் சீக்கிரம் கருகிவிடும். ஒருவர் சாவியில், இன்னொருவர் வால்வில் கை வைத்து நிற்பது நல்லது.