கிரெகரி ஒப்பந்தம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சுயேச்சை உறுப்பினர்களைப் பற்றிய கட்டுரையில் அயர்லாந்தின் டோனி கிரெகரியை ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுக் கடந்துபோயிருந்தீர்கள். அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். மரியாதை வரவில்லை. 1982-ல் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத நேரத்தில் தன் ஒற்றை வாக்கைக் காட்டி, தலைநகர் டப்ளினில் இருந்த தன் தொகுதிக்குப் பணம் கறந்தவர் அவர். அந்த வாக்கையும், தொழிலதிபர்களிடம் பணம் வாங்கியது பின்னாளில் அம்பலமான ஃபியன்னா ஃபாயில் கட்சித் தலைவர் சார்ல்ஸ் ஹாஹிக்கே கொடுத்தார். வீட்டு வசதியும் தெருவோரக் கடையும் மாநகராட்சிக் கவுன்சிலரின் வேலை அல்லவா? சட்டம் இயற்ற வந்தவர் கடைசிவரை கவுன்சிலராகவே இருந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லிமெரிக், கார்க் போன்ற மற்ற நகரங்களில் ஏழைகள் இல்லையா?

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு வருகிறேன். மற்றவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை.

கிரெகரி 1947-ல் வட டப்ளினின் பாலிபாக் பகுதியில் பிறந்தவர். தந்தை துறைமுகக் கிடங்கில் தொழிலாளி. பெற்றோரும் இரண்டு பையன்களும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். மாநகராட்சி வீடு கேட்டுத் தாய் அலுவலகத்துக்குப் போனபோது, “ஆறு பிள்ளை ஆன பிறகு வா” என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அவர்களே சேமித்து, ராயல் கால்வாய் அருகே ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டார்கள். வீட்டு வசதி நாடாளுமன்றத்துக்குப் பொருந்தாத சில்லறை விஷயம் என்று எழுதுகிறீர்கள். அந்த அலுவலக வாசலில் நின்ற குடும்பத்துப் பையனிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?

இளமையில் அவர், வட அயர்லாந்தையும் சேர்த்து ஒரே குடியரசு கோரிய குடியரசுவாத இயக்கங்களில் இருந்தார், பிளவுகளைப் பார்த்தார், வெளியேறினார். வரலாறும் பிரெஞ்சும் கற்பிக்கும் பள்ளி ஆசிரியரானார். 1979-ல் சுயேச்சையாக டப்ளின் மாநகராட்சிக்குத் தேர்வானார்.

அப்போது வட டப்ளினின் உள்நகரம் இருந்த நிலையைத் தெரிந்துகொள்ளாமல் அவரை எடைபோட முடியாது. பல தலைமுறைகள் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த பகுதி அது. கன்டெய்னர் கப்பல்கள் வந்ததும் மூட்டை சுமக்க ஆள் தேவைப்படவில்லை. ஷான் மக்டர்மட் தெருவிலும் சம்மர்ஹில்லிலும் அப்பாவுக்கும் வேலை இல்லை, மகனுக்கும் வேலை இல்லை. பழைய குடியிருப்புகளை இடித்தார்கள்; குடும்பங்களை நகரின் விளிம்புக்கு அனுப்பினார்கள்; காலியான மனைகளில் அகலச் சாலை போடத் திட்டம் தீட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் ஹெராயினும் உள்ளே வந்தது. எந்தக் கட்டடத்தில் எத்தனை குடும்பம், எந்த மனை யாருடையது, எந்த இடம் சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் அந்தப் பகுதியில் தெருத்தெருவாக அலைந்த கவுன்சிலருக்கும் அவரோடு வேலை செய்த சிறு குழுவுக்கும் அத்துப்படி.

1982 பிப்ரவரித் தேர்தலில் மத்திய டப்ளின் தொகுதி அவரை டாயிலுக்கு, அதாவது அவர்களுடைய கீழவைக்கு, அனுப்பியது. மொத்தம் 166 இடம். ஹாஹியின் ஃபியன்னா ஃபாயிலுக்கு 81. அதுவரை ஆட்சியில் இருந்த ஃபின கேல் கட்சியும் தொழிற்கட்சியும் சேர்ந்து 78. ஹாஹி நேராக சம்மர்ஹில்லில் கிரெகரி இருந்த இடத்துக்கே வந்தார். “எனக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டதாகச் சொல்வார்கள். அதுவரை பிரதமராக இருந்த ஃபின கேல் தலைவர் கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டும் பேச்சு நடத்தினார். ஹாஹி கொடுக்க முன்வந்தது அதிகம்.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். தொகுதிக்குள் 440 புது வீடு, டப்ளினின் மற்ற பகுதிகளுக்கு 1,600 வீடு. உள்நகரத்தில் கூடுதலாக 500 பேரை வேலைக்கு எடுக்க 40 லட்சம் பவுண்டு. மூடிக்கிடந்த குளொண்டால்கின் காகித ஆலையை அரசே எடுத்து நடத்துவது. அந்த ஆலை அவர் தொகுதியில் இல்லை. துறைமுக வாரியத்தின் 27 ஏக்கர் நிலத்தைப் அரசுடைமை ஆக்குவது. எல்லாம் சேர்த்தால் பத்துக் கோடி பவுண்டைத் தாண்டும் என்று மதிப்பிட்டார்கள். நேற்றுத் தேர்வான உறுப்பினர் ஒருவர் இரண்டே வாரத்தில் இப்படி ஒரு பட்டியலைக் கற்பனை செய்ய முடியாது. கவுன்சிலராக அவர் நடந்த நடைதான் அதன் ஒவ்வொரு எண்ணிலும் தெரிகிறது. கடைசிவரை கவுன்சிலராகவே இருந்தார் என்று குறையாகச் சொன்னீர்கள். நான் அவரை மதிப்பதே அதனால்தான். ஆட்சி யாருக்கு என்பதை முடிவு செய்யும் தருணம் கைக்கு வந்தபோது, அவரிடம் கேட்பதற்குத் திட்டவட்டமான ஒன்று இருந்தது. பெரும்பாலோரிடம் அமைச்சர் பதவி கேட்பதைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை.

அவர் பதவி எதையும் கேட்கவில்லை. பேசியதை எழுத்தில் வாங்கினார், இருவரும் கையெழுத்திட்டார்கள், அயர்லாந்துப் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் மைக்கேல் மல்லன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மார்ச் 9 அன்று பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் விவாதத்தில் கிரெகரி எழுந்து அந்த விவரங்களை அவைக்குறிப்பில் ஏற்றினார். பிறகுதான் வாக்களித்தார். 86-க்கு 79 என்று ஹாஹி வென்றார்.

ஹாஹி எப்படிப்பட்டவர் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 1997 முதல் நடந்த விசாரணை ஆணையங்கள் அவருடைய பண விவகாரங்களைக் கிழித்துப் போட்டன. அப்படிப்பட்டவரிடம் வாய்வார்த்தையை நம்பாமல், சாட்சி வைத்து எழுதி வாங்கியதை விவேகம் என்றுதான் சொல்வேன். கறந்தார் என்கிறீர்கள். ஆட்சியமைக்க ஆதரவு தேடும் எந்தத் தலைவரும் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார், பெரும்பாலும் மூடிய அறைக்குள். இங்கே கொடுத்தது என்ன என்று ஊரே படிக்க முடிந்தது. எனக்குத் தெரிந்தவரை கூட்டணிப் பேரத்தில் இவ்வளவு நேர்மை அபூர்வம்.

பலன் என்ன? சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஹாஹி அரசு அந்த நவம்பரிலேயே கவிழ்ந்தது. ஒப்பந்தத்தின் பெரும்பகுதி நிறைவேறாமல் போனது. அந்த 27 ஏக்கர் நிலத்தில் 1987 முதல் பன்னாட்டு நிதிச் சேவை மையம் எழுந்தது. கண்ணாடிக் கட்டடங்கள், வங்கிகள். அவற்றுக்கு எட்டும் தூரத்தில்தான் கிரெகரியின் வாக்காளர்கள் குடியிருந்தார்கள்.

ஆனாலும் அதன் பிறகு 2009-ல் இறக்கும்வரை அவர் ஒரு டாயில் தேர்தலிலும் தோற்கவில்லை. அயர்லாந்து வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு வருவதில்லை. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். கட்சிக்காரர் தன் முதல் விருப்பத்தைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதை, வீட்டு மனு எழுதித் தந்த சுயேச்சைக்குக் கொடுக்கலாம். கட்சி இல்லாத ஒருவர் அவையில் நிலைத்து நிற்க இந்த முறை இடம் தருகிறது. கிரெகரி கழுத்துப்பட்டை கட்டாமலேயே அவைக்குப் போனார். என் தொகுதியில் பலருக்கு அதை வாங்க வசதியில்லை என்றார். மூர் தெருப் பகுதியில் தள்ளுவண்டி வைத்து விற்கும் பெண்களைப் போலீஸ் விரட்டியபோது அவர்களோடு நின்றார். அந்தப் போராட்டத்துக்காக 1980களின் நடுவில் இரண்டு வாரம் மவுன்ட்ஜாய் சிறையில் இருந்தார்.

தேசிய அளவில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். போதைப்பொருள் பிரச்சினையை மற்றவர்கள் கண்டுகொள்ளாத காலத்திலேயே டாயிலில் ஓயாமல் எழுப்பியவர் அவர். அதை விற்றுப் பணக்காரர்களானவர்களின் சொத்தைப் பறிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1996 ஜூனில் பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அரசு விழித்தது; குற்றவழிச் சொத்துகளைப் பறிக்கும் தனி அமைப்பு அந்த ஆண்டே சட்டப்படி உருவானது. ஷான் மக்டர்மட் தெருத் தாய்மார்கள் பல ஆண்டுகளாகச் சொன்னதுதான் அது. கவுன்சிலர் வேலை, சட்டமியற்றும் வேலை என்று நீங்கள் போடும் கோடு இங்கே எங்கே விழுகிறது?

இனி லிமெரிக். நீங்கள் அறிந்து எழுதினீர்களா தெரியவில்லை, அந்த 1982 தேர்தலே லிமெரிக் சுயேச்சை ஒருவரால் வந்தது. ஜிம் கெம்மி, கல்தச்சர், நகரக் கவுன்சிலர். குழந்தைகளின் உடைக்கும் காலணிக்கும் வரி போட்ட பட்ஜெட்டை ஜனவரி 27 அன்று எதிர்த்து வாக்களித்து ஃபிட்ஸ்ஜெரால்ட் அரசைக் கவிழ்த்தவர்களில் ஒருவர். தன் ஊருக்கென்று எதையும் அவர் விலையாகக் கேட்கவில்லை. நவம்பர் தேர்தலில் தோற்றார். கிரெகரி கேட்டார், வென்றார். இருவரையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் கேள்வி என்னையும் உறுத்துகிறது. கூட்டல் கழித்தலில் அதிர்ஷ்டம் அடித்த தொகுதிக்கு வீடும் மற்ற ஊர்களுக்குக் காத்திருப்பும் என்பது நீதியாகாது. கிரெகரியின் பட்டியல் டப்ளின் முழுவதற்கும் நீண்டது. அதற்கு வெளியே மிகக் குறைவாகவே போனது. இந்தக் குறையை ஏற்கிறேன். ஆனால் அந்த 440 வீடுகளின் தேவை 1982-ல் முளைத்ததல்ல. ஒற்றை வாக்கு கழுத்தைப் பிடிக்கும்வரை அதைக் கண்ணெடுத்துப் பார்க்காதவர்கள் மீதுதான் என் கோபம் போகிறது.

1982 மார்ச் 9-ம் தேதி அவைக்குறிப்பு அயர்லாந்து நாடாளுமன்ற இணையதளத்தில் முழுதாகக் கிடைக்கிறது. கிரெகரியின் உரையை ஒரு முறை படித்துவிட்டு எழுதுங்கள். அதன் பிறகும் மரியாதை வரவில்லை என்றால் காரணத்தைக் கேட்க விரும்புகிறேன்.