கை விரித்து நிற்கும் கதாநாயகன்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு சபையில் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். வாலிபர் கூடுகையையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளை வேதபாடத்துக்கு உட்கார வைப்பதே பெரும்பாடாக இருக்கிறதே என்று, மாதம் ஒருமுறை அவர்கள் பார்த்த ஒரு சினிமாவை எடுத்து அதிலிருந்து ஒரு விசுவாசப் பாடம் சொல்ல ஆரம்பித்தேன். போன மாதம் ஒரு பெரிய ஹீரோ படத்தின் கிளைமாக்ஸ். கதாநாயகனைக் கட்டிவைத்து அடிப்பார்கள். இரண்டு கையும் விரிந்து, தலை சாய்ந்து, உடம்பெல்லாம் ரத்தம். அதைச் சிலுவையோடு ஒப்பிட்டுப் பேசினேன். முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "அக்கா, அவரு அப்புறம் கட்டை அவுத்துக்கிட்டு எழுந்து எல்லாரையும் வெட்டுவாரே, இயேசு அப்படிச் செய்யலையே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இதற்கிடையில் சபையின் மூத்தவர் ஒருவர், "பரியாசக்காரர் உட்காரும் இடத்தை ஆலயத்துக்குள் கொண்டுவராதே அம்மா" என்று முதலாம் சங்கீதத்தைக் காட்டினார். நான் செய்வது சரிதானா? சரி என்றால் எப்படிச் செய்வது?

ஓர் ஆசிரியை,
குடியாத்தம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காரணம் அந்தப் பிள்ளையின் கேள்வி. சிறுவயதில் அதே கேள்வியை வேறொருவர் கேட்க நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா ஆரணி பக்கம் ஒரு கிராமத்தில் மிஷன் பள்ளி வாத்தியார். அப்போது அது வடஆற்காடு மாவட்டம். ஒரு சாயங்காலம் ஜீப்பில் புரொஜெக்டர் வந்தது. இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். லூக்கா சுவிசேஷத்தை வைத்து 1979இல் எடுத்த இயேசு படம், தமிழ்க் குரலோடு. அப்பா சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காதவர். ஆனால் இது அவருக்குச் சினிமா இல்லை, ஊழியம்.

ஊரே கூடிவிட்டதால் முன்பக்கம் இடமில்லை. நானும் எதிர்வீட்டு அத்தையும் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். இயேசு இடது கையால் அப்பம் பிட்டார். அத்தைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் சபைக்காரர் அல்ல, எம்.ஜி.ஆர். படம் ஒன்று விடாமல் பார்த்தவர். ஆணி அடிக்கும்போது என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இரு, இரு, இப்ப எறங்கி வந்துருவாரு பாரு" என்றார். வரவில்லை. தலை சாய்ந்தது. அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாவிடம், "ஏன் வாத்தியாரே, அவ்ளோ சக்தி இருந்தும் ஏன் எறங்கி வரல?" என்று கேட்டார். அப்பா அரிக்கேன் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று வெகுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்பது நினைவில்லை. விளக்கைக் கீழே வைத்தது மட்டும் கண்ணிலேயே இருக்கிறது.

உங்கள் மாணவி கேட்டதும் அத்தை கேட்டதும் ஒன்றுதான். மத்தேயு 27இல் சிலுவைக்குக் கீழே நின்றவர்கள் என்ன சொன்னார்கள்? "நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா." நம் ஹீரோ படங்களின் கிளைமாக்ஸ், சகோதரி, அந்தப் பரியாசக்காரர்கள் கேட்டபடியே இறங்கி வருவதுதான். அதற்கு முந்தின அதிகாரத்தில், நினைத்தால் பன்னிரண்டு லேகியோனுக்கு, அதாவது பன்னிரண்டு பெரும் படைகளுக்கு, அதிகமான தூதரைப் பிதாவிடம் கேட்டுப் பெறமுடியும் என்கிறார் இயேசு. கேட்கவில்லை. கைகள் விரிந்திருப்பதால் சிலுவை சிலுவை ஆவதில்லை. திருப்பி அடிக்க எல்லா வல்லமையும் இருந்தும், அடித்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்டதால்தான் அது சிலுவை. இதை அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். "நீ சரியாகப் பார்த்தாய், நான்தான் அவசரப்பட்டு ஒப்பிட்டுவிட்டேன்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியை அப்படிச் சொல்வது பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அதற்காக அந்தப் படத்தைத் தள்ளிவிட வேண்டாம். கதாநாயகன் வெட்டும்போது நாம் ஏன் கைதட்டினோம் என்று கேளுங்கள். நானும் கைதட்டியவன்தான். யாராவது ஒருவர் எழுந்து எல்லாருக்கும் பதிலுக்குப் பதில் கொடுத்துவிட மாட்டாரா என்ற ஏக்கம் எனக்குள் இருக்கிறது. அது தெரிந்த பிறகுதான் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற வசனம் எவ்வளவு பாரமானது என்று எனக்குப் புரிந்தது. அதுவரை அது மனப்பாட வசனம்.

படத்தில் இயேசு எங்கே ஒளிந்திருக்கிறார் என்று பிள்ளைகளைத் தேடவிடாதீர்கள். இரண்டே மாதத்தில் அது ஒரு விளையாட்டாகிவிடும். மூன்று நாள் காணாமல் போய்த் திரும்பி வருபவர்கள் எல்லாரையும் உயிர்த்தெழுதல் என்று எழுதிவைப்பார்கள். அதற்குப் பதில், "இந்தப் படத்தில் நீ யார்?" என்று கேளுங்கள். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் செய்தது இதைத்தான். ராஜாவின் பாவத்தை நேராகச் சொல்லியிருந்தால் தாவீது என்ன செய்திருப்பாரோ! ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னார். தாவீது கொதித்துப்போய் அந்தப் பணக்காரனுக்குத் தீர்ப்பே எழுதிவிட்டார். அப்புறம்தான் "நீயே அந்த மனுஷன்". கதைக்குள் போனவன் காவலை இறக்கிவைத்துவிடுகிறான். சினிமாவில் அந்தப் பலம் இன்னும் அதிகம். இருட்டில், பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம் அல்லவா?

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். விக்டர் ஹியூகோவின் 1862 நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950இல் அதே பெயரில் படமும் வந்தது, நாகையா நடித்து. மனம் திருந்திய பழைய கைதியை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்பா ஓய்வுபெற்று நாங்கள் காட்பாடியில் இருந்தபோது, ஒரு நாள் தொலைக்காட்சியில் அந்தப் படம். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வழக்கம்போலச் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். அரை மணி நேரத்தில் தாள் மடிக்குச் சரிந்தது. படம் முடிந்ததும் அப்பா சொன்னது இது: "அந்தப் போலீஸ்காரன் மேல தப்பே இல்லையேடா. அவன் வேலையைத்தானே செஞ்சான்."

நான் ஒன்றும் பேசவில்லை. அப்பாவுக்கு ஒரு தம்பி. பாகம் பிரித்து வாங்கி, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிய சித்தப்பாவைப் பாட்டி சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பா அந்த வீட்டுப் படியேறவில்லை. கெட்ட குமாரன் உவமையைப் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனை முறை சொல்லியிருப்பார்! "அவன் தூரத்தில் வரும்போதே, அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி" என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசியில், தம்பியைச் சேர்த்துக்கொண்ட கோபத்தில் வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்கிற மூத்த குமாரனை அவர் வேகமாகக் கடந்துபோய்விடுவார். ஜாவரும் அந்த மூத்த குமாரன்தான். சட்டம் தவறாதவன், நேர்மையானவன், இரக்கத்தை மட்டும் தாங்கமுடியாதவன். ஹியூகோவின் கதையில் அவன் ஆற்றில் விழுந்து சாகிறான்.

பத்து நாள் கழித்து அப்பா தனியாகப் பஸ் ஏறி ஆற்காடு போனார். மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, அங்கிருந்து சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார். இதை எங்களுக்குச் சொன்னது சித்தப்பாதான், அப்பா இறந்த பிறகு.

சபைப் பெரியவர் பற்றிக் கேட்டீர்கள். அவரோடு வாதாடாதீர்கள். அவர் தலைமுறை எதைப் பார்த்துப் பயந்ததோ அது நிஜம். கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் ஊரில், ஆராதனை திசைமாறிப் போகிறது என்று ஒருவர் கவலைப்பட்டால் அது வீண் கவலை அல்ல. ஆனால் அவரிடம் இரண்டு விஷயம் மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். 1774இல் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், குறத்தி வந்து குறி சொல்லும் ஆட்டத்தை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அந்தக் காலத்துச் சனங்களுக்குக் குறவஞ்சி எப்படியோ அப்படித்தான் இந்தக் காலத்துக்குச் சினிமா. இன்னொன்று, அப்போஸ்தலர் 17. பவுல் அத்தேனே பட்டணத்தில் "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்கிறார். அந்தப் புலவன் அதைப் பாடியது கிரேக்கரின் சேயுஸ் தெய்வத்தைப் பற்றி. பவுலுக்கு அது தெரியாமல் இல்லை.

எந்தப் படம் காட்டலாம் என்றால், முதலில் 1981இல் வந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்து, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்ற எரிக் லிடலின் கதை. ஒரு எச்சரிக்கை: கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு ஞாயிறு ஓட்டம் என்று தெரிந்ததாகப் படத்தில் வரும். உண்மையில் மாதக்கணக்கில் முன்பே தெரியும். அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். விசுவாசத்துக்காகப் பொய்க்குத் துணைபோக வேண்டியதில்லை. படம் முடிகிற இடத்துக்கு அப்புறம் உள்ள கதையையும் நீங்களே வாயால் சொல்லுங்கள். லிடல் சீனாவுக்கு ஊழியராகப் போனார். போர்க்காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். 1945 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். அந்த முகாமில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டபோது, ஞாயிறு ஓடமாட்டேன் என்ற அதே மனிதர் நடுவராக வந்து நின்றார். இது ஏன் என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

துண்டு துண்டாகக் காட்ட வேண்டாம். முழுப் படத்தையும் காட்டுங்கள். நடுவில் நிறுத்தி வசனம் சொல்லவே வேண்டாம். முடிந்ததும் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், அப்புறம் வேதாகமத்தைத் திறந்தால் போதும். ஆசிரியர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் ரொம்பக் கஷ்டம். எனக்கும்தான்.

அந்தப் பெரியவரையும் கூப்பிடுங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். படத்தில் யாரைப் பார்த்தால் கோபம் வந்தது என்ற கேள்வியை முதலில் அவரிடமே கேளுங்கள். கர்த்தருக்குச் சித்தமானால் நானும் வருகிறேன், காட்பாடியிலிருந்து குடியாத்தம் ரொம்ப தூரம் இல்லை.