கேள்வி – பதில்: மாநகர முதல்வர் நாடாளுமன்றம் போவது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாண மாநகர முதல்வராக நல்ல பெயரெடுத்தவர் நாடாளுமன்றத் தேர்தலில் சுலபமாக வெல்லலாமா? - வாசகர், நல்லூர்

பதில்: சுலபமில்லை. 2018 தேர்தல் முதல் யாழ். மாநகர சபைக்கு 45 உறுப்பினர்கள். எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் சபைக்குள் வாக்கெடுத்தே முதல்வரைத் தெரிவார்கள். பாதீடு (வரவுசெலவுத் திட்டம்) வாக்கெடுப்பில் இரண்டு முறை தோற்றால் பதவி போய்விடும். 2020 டிசம்பரில் இங்கேயே அது நடந்தது. ஆகவே, வீதி விளக்கும் வடிகாலும் பார்க்க வேண்டியவர் முதலில் சபைக்குள் ஆட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றக் கணக்கே வேறு. யாழ். தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சியும் சேரும். தீவகத்திலும் பருத்தித்துறையிலும் பூநகரியிலும் அறிமுகமில்லாத முதல்வருக்கு மாநகர வாக்கு மட்டும் போதாது. 2024இல் ஆறு ஆசனங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர். கட்சிக்குக் கிடைக்கும் ஆசனங்கள் அதன் பட்டியலில் அதிக விருப்பு வாக்கு பெற்றவர்களுக்கே என்பதால், உண்மையான போட்டி தன் கட்சிக்காரரோடுதான். வாக்காளர் முதலில் கட்சிச் சின்னத்துக்கு நேரே புள்ளடி (X) போட வேண்டும், பிறகே விருப்பு வாக்காக வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை. நான்கு போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு அத்தனையும் போகும். வீடு வீடாகப் போகிறவர்கள் இலக்கத்தோடு இதையும் சொல்லிக்கொடுப்பது அவசியம்.

அல்பிரட் துரையப்பாவின் பாதை மறுபக்கமானது: 1960இல் நாடாளுமன்றம், 1970களில்தான் மாநகர முதல்வர். கொழும்பில் 1955இல் பிரதி முதல்வரான ரணசிங்க பிரேமதாச 1989இல் ஜனாதிபதியானார். இடையில் 34 வருடங்கள்.