அந்தக் கட்டைக்குரல் பெண்ணுடையது

குடியாத்தத்திலிருந்து: அண்ணா, எங்கள் தென்னந்தோப்பில் விடிகாலையில் இரண்டு செம்போத்துகள் மாறி மாறிக் கூவுகின்றன. ஒன்றின் குரல் கட்டை, மற்றது கொஞ்சம் மேலே. கட்டைக்குரல்தானே ஆண்?

தலைகீழ், தம்பி. செம்போத்தில் பெண்தான் சற்றுப் பெரியது, கட்டைக்குரலும் அதனுடையதே. அவை கொஞ்சிக்கொள்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். ‘இந்தத் தோப்பில் ஆள் இருக்கிறது, அதுவும் இரண்டு பேர்’ என்று பக்கத்துத் தோப்புக்குச் சொல்கின்றன. தென்னிந்தியாவில் கூடுகட்டிய ஜோடிகளின் எல்லையை அளந்தபோது சராசரி 3.8 ஹெக்டேர், அதாவது ஒன்பது ஏக்கருக்கும் மேல். உங்கள் வேலியை அவை மதிக்கப்போவதில்லை.

காட்பாடியிலிருந்து: பெண்ணைக் கவர ஆண் பறவைதான் பாடும் என்று பள்ளியில் படித்தோமே?

நானும் அப்படித்தான் படித்தேன். அந்தப் பாடம் குளிர்நாட்டுப் பறவைகளைப் பார்த்து எழுதியது. அங்கே பல இனங்களில் ஆண் வசந்தத்தில் வலசை வந்து இடம் பிடித்துப் பாடும். சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும். வெப்பநாடுகளில் பல ஜோடிகள் வருடம் முழுக்க ஒரே இடத்தைக் காக்கின்றன. வேற்றுப் பெண் ஒன்று நுழைந்தால் அங்கே இருக்கும் பெண்ணுக்குப் பறிபோவது நிலம் மட்டுமல்ல, துணையும்தான். பெண் சும்மா இருக்குமா? 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 323 பாடும் பறவை இனங்களைப் பார்த்தது. அவற்றில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது. இவற்றின் மூதாதைகளிலேயே பெண் பாடியிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. ஆகவே, சில இனங்களில் பெண் பாடுவதை ஏன் நிறுத்தியது என்றுதான் இனி கேட்க வேண்டும். குளிர்நாட்டிலும் விலக்கு உண்டு: ஐரோப்பிய ராபினில் பெண் குளிர்காலத்தில் தனக்கென்று ஓர் எல்லை பிடித்து, தனியாகப் பாடிக் காக்கும்.

ஆரணியிலிருந்து: அப்படியானால் குயில்?

கூவுவது கறுப்பு ஆண். புள்ளி போட்ட பெண் ‘கிக் கிக் கிக்’ என்று கத்தும், அவ்வளவுதான். நம் கவிஞர்கள் பாட்டைப் பெண்குயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள்; போகட்டும். செம்போத்தும் குயில் குடும்பம்தான் என்பது இதில் வேடிக்கை.

அணைக்கட்டிலிருந்து: மானாவாரிக் கொல்லைப் பக்கம் தூரத்தில் மோட்டார் சைக்கிள் போவது மாதிரி ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

அருமையான கேள்வி அம்மா, இதற்காகத்தான் காத்திருந்தேன்! நீங்கள் கேட்டது பெரும்பாலும் மூன்று விரல் காடை. பார்க்கக் காடை மாதிரியே இருக்கும், பின்விரல் மட்டும் இல்லை. சத்தம் போடுவது பெண். கழுத்தில் கறுப்பு பூசிக்கொண்டு பளிச்சென்று இருப்பதும் அதுதான். வேறு பெண் வந்தால் சண்டைக்குப் போகும். முட்டை இட்டதும் ஆணிடம் விட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. ஏரிக்கரைச் சேற்றில் மயிலுள்ளான் வீட்டிலும் இதே கதைதான்.

ஆம்பூரிலிருந்து: ஜோடியாகக் கூவினால் தனியாகக் கூவுவதைவிட என்ன லாபம்?

ஆஸ்திரேலியாவில் மேக்பை லார்க் என்ற பறவையிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் தாளம் தப்பாமல் சேர்ந்து பாடிய பதிவைக் கேட்டால் பக்கத்து ஜோடிகள் அதிகம் மிரளுகின்றன. தாளம் சேர நாள் பிடிக்கும். பழகிய ஜோடி என்றால் ஒட்டி நின்று சண்டை போடும் என்று அவற்றுக்குத் தெரிகிறது.

மறுபடி குடியாத்தம்: போனில் செம்போத்துக் குரலை ஓடவிட்டால் கிட்டே வருமா அண்ணா?

வரும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். இல்லாத எதிரியைத் தேடி அது கூட்டை விட்டு வரும். அந்த நேரத்தில் முட்டைக்குக் காக்கை வந்துவிடும். விடியும் முன்பே போய்க் கிணற்றுமேட்டில் பேசாமல் உட்காருங்கள். கட்டைக்குரல் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.